மடக்காத குடை

"யாருங்க இவ?"

முகம் முழுக்கச் சவர நுரையோடு திரும்பினார் பாடலாசிரியர். மனைவியின் கையில் அவருடைய பாட்டு நோட்டு.

"எவ?"

"மழை விட்டப்புறமும் ஒரே குடையில உங்களோட நடந்தாளே, அவ!"

அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவாள். கணவனின் கையெழுத்து எம்மாத்திரம்? உரக்கவே வாசித்தாள்.

'மழை விட்ட பின்னும் குடை மடக்கவில்லை;
ஒட்டி நடக்க வேறு சாக்கு ஏது?
உன் கூந்தலில் விழுந்த இலையை எடுக்கவில்லை;
வீடு வரை அதைப் பார்த்தபடி வரலாமே!'

பாட்டு நன்றாக வேறு இருந்து தொலைத்தது. வயிற்றெரிச்சல் இரண்டு மடங்கானது.

"கற்பனைதாம்மா..."

"உங்க கற்பனை எனக்குத் தெரியாதா? பத்து வருஷமா நிலா, தேன், மயில். எல்லாப் படத்துலயும் அதே மயில்தான்! இது நடந்த கதை. நாம என்னிக்கு ஒரே குடையில போனோம்? கல்யாணமான மறுவாரமே 'தோள் நனையுது'ன்னு தனிக் குடை வாங்கின ஆளு நீங்க!"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நுரைதான் உள்ளே போனது.

"தினமும் காலையில ஏரிக்கரைக்கு நடக்கப் போறதும், தனியா சிரிச்சுக்கிட்டே வர்றதும் இப்பப் புரியுது. இருங்க, எங்கப்பாகிட்ட சொல்றேன்."

"ஐயோ, அவர்கிட்ட மட்டும் வேண்டாம்!" போனைப் பிடுங்கப் பாய்ந்தார்.

அவளுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்; மகா கறார். அம்மாவிடம்கூட "கதவைப் பூட்டினியா?" என்பதற்கு மேல் அவர் பேசி அவள் கேட்டதில்லை. இந்த மனுஷனுக்கு அவர்தான் சரியான ஆள்.

குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டு அப்பாவை அழைத்தாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். நாலு வரியையும் விசும்பலோடு படித்தும் காட்டினாள்.

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அப்பா... கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. கொஞ்சம் மெதுவாப் பேசும்மா," அப்பா கிசுகிசுத்தார். "ஏரிக்கரையில நான் சொல்லச் சொல்லத்தான் மாப்பிள்ளை எழுதினார். உங்கம்மா பிறந்தநாள் வரைக்கும் அவளுக்குத் தெரிஞ்சிடக் கூடாது!"