இன்றைய முதல் போணி

மணிலாவில், கில்மோர் சாலைக் கணினிக் கடை. மதியம் உள்ளே இருந்தவர்கள் நான்கு பேர்: முதலாளி பாசிங் அம்மா, விற்பனைப் பெண் ரோவேனா, காலையில் கீபோர்டு வாங்கிய பிறகும் வீட்டுக்குப் போக மனமில்லாத செவேரோ தாத்தா, அப்போதுதான் வந்த லிகாயா.

தாத்தாவுக்குக் கடை என்றால் திருவிழா. பார்வைக்கு வைத்திருந்த கீபோர்டுகளை மறுபடியும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன்லயே வாங்கலாமே தாத்தா. வீட்டுக்கே வந்துடும்" என்றாள் ரோவேனா.

"போன்ல படத்தைத் தட்டினா இந்தச் சத்தம் வருமாடி?"

லிகாயா ஒரு பழைய லேப்டாப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். வேலை பார்த்த தையல் ஆலையை மூடிவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் வீட்டிலிருந்தே புது வேலை. லேப்டாப் இல்லையென்றால் அதுவும் இல்லை. கையில் இருந்த பணம் போதவில்லை.

"மிச்சத்தை அப்புறம் குடும்மா" என்றாள் பாசிங்.

"வேணாங்க. எனக்குக் கடனும் வேணாம், தர்மமும் வேணாம்." லிகாயா எழுந்துவிட்டாள்.

"ஐயோ, உட்காரு! இன்னிக்கு நீதான் என் முதல் போணி. முதல் ஆள் வெறுங்கையோட போனா நாள் பூரா யாவாரம் விளங்காது. இருக்கறதைக் குடு, போதும்."

லிகாயாவின் முகம் தெளிந்தது. போணி தர்மம் ஆகாதே.

தாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "என்னது? முதல் போணி நான்தானே! காலைல விலையைக் குறைச்சுக் குடுத்துட்டு, ராசின்னு சொல்லி என் பண நோட்டால எல்லாப் பெட்டியையும் தட்டினியே!"

லிகாயா லேப்டாப்பைத் தள்ளி வைத்தாள்.

பாசிங் அசரவில்லை. "நீங்க கீபோர்டு போணி தாத்தா. லேப்டாப்புல இவதான் முதல்."

"அது எந்த ஊரு வழக்கம்?"

ரோவேனா அவர் காலை மிதித்தாள்.

"நிஜமா தாத்தா? அப்படியும் உண்டா?" என்று லிகாயா அவரையே கேட்டாள்.

தாத்தா அவள் முகத்தைப் பார்த்தார்.

"உண்டு, உண்டு. எனக்குத்தான் மறந்துபோச்சு."

பணம் கை மாறியது. பாசிங் அந்த நோட்டுகளால் பெட்டிகளையெல்லாம் ஒரு தட்டு தட்டினாள். லிகாயா லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

கதவு மூடியதும் தாத்தா பிடித்துக்கொண்டார். "உனக்காக நானும் பொய் சொல்லிட்டேன் பாசிங். நல்ல காரியம்தான், இல்லேங்கல. ஆனா கடைக்கு ஒரே முதல் போணிதான். அது நான்."

ரோவேனா சிரிப்பை அடக்கிக்கொண்டு விரல் மடக்கினாள். "கடை திறந்ததும் ஒரு நர்ஸ் அக்கா. அடுத்து ஜீப்னி வண்டி ஓட்டுற அண்ணன். மூணாவதுதான் தாத்தா நீங்க."

தாத்தா தன் கீபோர்டுப் பெட்டியைப் பார்த்தார். பிறகு மெல்லத் தொப்பியைக் கழற்றி, பாசிங்கைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"தொப்பியைப் போடுங்க தாத்தா" என்றாள் பாசிங், வாசலில் யாரோ தயங்குவதைப் பார்த்துக்கொண்டே. "ஒரு நாளைக்கு ஏழு முதல் போணி. இன்னும் மூணு மிச்சம் இருக்கு."