பள்ளம் விழாத கால்

டாக்டர் காலுறையைக் கழற்றச் சொல்வாள் என்று அவள் நினைக்கவே இல்லை.

வார்த்தைகள் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டன. படுத்தால் மூச்சு முட்டுகிறது. மூன்று தலையணை வேண்டியிருக்கிறது. சாயங்காலத்துக்குள் கால் வீங்கி ஷூவுக்குள் நுழைய மாட்டேன் என்கிறது.

பேருந்தில் ஒரு தடவை, படியேறும்போது ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தாள்.

அட்டை அவளுடையது. வியாதி எலோடியாவுடையது.

இருபத்தாறு வருடம் ஒரே ஹோட்டலின் சலவைக்கூடத்தில், ஒரே விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து மடித்தவர்கள். ஒரே ஊரிலிருந்து எல்லை தாண்டி வந்தவர்கள். அவளுக்கு இங்கே தங்குவதற்கான காகிதம் கிடைத்தது. காகிதத்தோடு காப்பீட்டு அட்டையும் வந்தது. எலோடியாவுக்கு இரண்டும் இல்லை.

எலோடியா எந்த மேசையிலும் தன் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்ன பெயர் எங்கெங்கே போகும், யாரைக் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டும் என்ற பயம்.

அதனால் போன வருடம் எலோடியாவுக்கு இருமல் வந்தபோது, டாக்டர் முன்னால் உட்கார்ந்து இருமியது அவள்தான்.

இருமுவது சுலபம்.

காலுறையைக் கழற்றினாள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு. சிகாகோவில் பிப்ரவரி மாதம்.

டாக்டர் குனிந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். எடுத்தாள்.

ஒன்றுமில்லை.

எலோடியாவின் காலில் அழுத்தினால், பிசைந்த சோள மாவில் அழுத்தின மாதிரி பள்ளம் நிற்கும். நேற்று இரண்டு பேருமாக அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள்.

"இதுல தண்ணி ஊத்தினா குருவி வந்து குடிக்கும்டி" என்றாள் எலோடியா.

இன்னொரு காலையும் டாக்டர் அழுத்தினாள். அதுவும் ஒத்துழைக்கவில்லை.

எழுபத்திரண்டு வயதில் தன் கால்கள் இவ்வளவு நன்றாக இருப்பதற்காக அவள் வெட்கப்பட்டாள்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். முதுகிலும் கேட்டாள். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றாள்.

கீழே பேருந்து நிறுத்தம். பெஞ்சில் ஒரு பழுப்புக் கோட்டு. நாடா கட்டாத ஷூ.

பேருந்து வந்து நின்றது. போனது. பழுப்புக் கோட்டு ஏறவில்லை.

டாக்டர் திரும்பி வந்து, எழுதிக்கொண்டிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"சென்யோரா, நீங்க சொன்ன காலு இன்னிக்கே இங்க வந்தாகணும். அது இதயத்தால வர்ற வீக்கம். மாத்திரைய வாங்கிட்டுப் போய் யாருக்காவது குடுக்கிற விஷயம் இல்ல இது. பேரு நான் கேக்கப்போறதில்ல."

அவள் காலுறைகளை மாட்டிக்கொண்டாள். இரண்டையும் மாட்டிக்கொள்ள வெகுநேரம் ஆனது.

உண்மையைச் சொன்னால் எலோடியா என்ன செய்வாள் என்று தெரியும். நாளைக்குப் பார்க்கலாம் என்று அடுத்த பேருந்தில் ஏறிவிடுவாள். தனக்காக அவள் எந்த ஆஸ்பத்திரிக் கதவுக்குள்ளும் நுழைந்ததில்லை.

ஒரே ஒரு தடவை வந்தாள். அது இவளுடைய பிரசவத்துக்கு. வாசலில் நின்ற காவலரைத் தாண்டி, இவள் கையைப் பிடித்துக்கொண்டு, விடியும்வரை கூடவே இருந்தாள். அந்தப் பிள்ளைக்கு ஞானத்தாயும் அவள்தான். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவது.

அவள் கீழே இறங்கி வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"மாத்திரை குடுத்தாங்களா?"

"இல்ல."

"மூணு தலையணைன்னு சொன்னியா? ரெண்டுன்னு சொல்லியிருப்பே."

"மூணுன்னுதான் சொன்னேன்." அவள் கையுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கே நெஞ்சுல என்னமோ இருக்காம், கொமாத்ரே."

எலோடியா சிரித்துவிட்டாள். "என் வியாதியச் சொல்லப் போயி உனக்கு ஒட்டிக்கிச்சா?"

சிரிப்பு பாதியிலேயே மூச்சிரைப்பாகி நின்றது. எலோடியா அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னிக்கே பாக்கணுமாம்" என்றாள் அவள். "தனியா உள்ள போகப் பயமா இருக்கு."

அடுத்த பேருந்து வந்தது. கதவு திறந்தது. ஓட்டுநர் இருவரையும் பார்த்துக் காத்திருந்தார்.

எலோடியா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வேண்டாம் என்று ஓட்டுநருக்குக் கையை ஆட்டினாள். அதே கையால் தோழியின் முழங்கையைப் பற்றிக்கொண்டாள்.

ஷூ நாடாக்கள் பனியில் இழுபட, ஓரடி முன்னாலேயே நடந்தாள்.

கண்ணாடிக் கதவுக்கு முன்னால் ஒரு தடவை நின்றாள். மூச்சு வாங்கியது.

"மெதுவா வா" என்றாள். "நான் இருக்கேன்ல."