ஷிஹோரியின் தாவல்

மூன்று சுற்றுத் தாவலில் ஷிஹோரி எப்போதும் விழுவாள். இன்றைய போட்டியிலும் விழுந்தால் அணியிலிருந்து தூக்கிவிடுவார்கள்.

"பயப்படாம குதி புள்ள. இடுப்பை நான் பிடிச்சுக்கறேன்" என்றது கென்சாகு. நாகானோ பனிச்சறுக்கு நடன அரங்கில் அவள் கண்ணுக்கு மட்டும் தெரியும் நல்ல பேய்.

"யாராச்சும் பார்த்துட்டா?"

"பேயை யாரு பார்க்கப் போறாங்க?"

குதித்தாள். பம்பரமாய்ச் சுழன்று பூப்போல இறங்கினாள். அரங்கமே எழுந்து கைதட்டியது.

தலைமை நடுவர் மட்டும் அவளைத் தன் அறைக்கு அழைத்தார். "ஒற்றையர் பிரிவுல ரெண்டு பேர் ஆடக் கூடாதும்மா. இந்த மார்க் செல்லாது. அடுத்த தடவை ஜோடிப் பிரிவுல பேர் குடுங்க."

ஷிஹோரி அவசரமாகக் கதவைச் சாத்தினாள். "அவரு... உங்களுக்குத் தெரியறாரா சார்?"

"தெரியாம? நம்ம ஆளாச்சே!" என்று நாற்காலியை விட்டு எழுந்தார் நடுவர்.

அவருக்குக் கால்களே இல்லை.