யாரையும் கேட்க வேண்டாம்

“பிழைக்க வந்த பெண்ணும் இந்த நாட்டின் தாய். அவள் யாரிடமும் கையேந்தாமல் கருத்தடை மாத்திரை பெறும் நாளே உண்மையான விடுதலை நாள்!”

தொண்டு நிறுவனத் தலைவர் சுந்தரராமன் போன மாதம் இப்படிப் பேசித்தான், ஊரப்பாக்கத்தில் ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்காக எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடி வேலைத்தளத்துக்கு ஒரு மாத்திரைப் பெட்டியை வழங்கினார். ரிப்பன் வெட்டிவிட்டு, மாட்டும் வேலையை மேஸ்திரி சம்பத்திடம் விட்டுப் போனார். இன்று வந்து விசாரித்தால், முந்நூறு அட்டையில் ஒன்றுகூடக் குறையவில்லை.

“இன்னா சார் பண்றது? நீங்க சொன்னா மாதிரியே மறைவா மாட்டிக்கீறேன். பொம்பளைங்க கிட்டவே வர மாட்டேங்குதுங்க,” என்றான் சம்பத்.

“அறியாமை!” என்ற சுந்தரராமன், ஓரமாக நின்ற சித்தாள் தபீதாளைக் கூப்பிட்டார். “உனக்கு எத்தனை குழந்தைம்மா?”

“மூணு சார். கடைசிக்கு எட்டு மாசம்.” முகத்தில் படிந்த சிமென்டைத் துடைக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. “இன்னொண்ணு தங்கிட்டுன்னா சாரம் ஏற முடியாது. வேலைய விட்டு அனுப்பிருவாங்க. ஆஸ்பத்திரில மாத்திரை கேட்டேன், ரேஷன் கார்டு எங்கன்னாங்க. அது ஊர்ல, நாசரேத்துல மாமியார்கிட்ட இருக்கு.”

“பார்த்தாயா? நம் பெட்டி கார்டு கேட்காது. கேள்வி கேட்காது. பூட்டுகூடக் கிடையாது!”

“அதில்ல சார், அந்தப் பெட்டி...”

“வெட்கம்! இதைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும்.”

“ரெண்டு மூணு வாட்டி போய்ப் பாத்துட்டேன் சார். எப்பப் போனாலும் ஆள் நிக்காங்க.”

“நிற்கட்டுமே! உன் உரிமையை எடுக்க எதற்குப் பயம்?”

“உரிமை இருக்கட்டும் சார். நீங்களே ஒரு அட்டை எடுத்துக் குடுத்திருங்களேன்.”

“நான் எடுத்துக் கொடுத்தால் அது தர்மம். நீ எடுத்தால்தான் விடுதலை. நடம்மா!”

சம்பத் வழிகாட்ட, சுந்தரராமன் நெஞ்சை நிமிர்த்தி முன்னே நடந்தார். வாசல் வரை வந்த தபீதாள் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டாள்.

“தயங்காதே, தைரியமாக உள்ளே வா!”

உள்ளே சுவரைப் பார்த்து நின்றிருந்த கொத்தனார்கள் இருவர் பதறிப்போய் லுங்கியை இறக்கிவிட்டார்கள்.

பெட்டி மாட்டியிருந்தது ஆண்கள் கழிப்பறையில். பெண்களுக்கு அங்கே கழிப்பறையே இல்லை.