குன்று தெரிகிறதா

“ரேங்கின் ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரப் பறப்புதானேக்கா? பனிவண்டியில போனா ரெண்டு நாள், இவ தாங்குவாளா?” “பெத்துக்கறவளே சும்மா இருக்கா, நீ ஏன்டா கத்தறே, கோபாக்?” ஓடுபாதைக் குடிசையில் வானொலி முன்னால் உட்கார்ந்திருக்கும் அக்கா உலாயுக் திரும்பாமல் சொல்கிறாள். பெஞ்சில் கோபாக்கின் மனைவி நிவியாக் பிரசவ வலியில் கையுறையைக் கடித்தபடி சாய்ந்திருக்கிறாள். வலிக்கிறதா என்றால், ஆமாம் என்று புருவத்தை மட்டும் உயர்த்துகிறாள். அவளை ஏற்றிப்போக வந்த விமானம் மேலே மூடுபனிக்குள் சுற்றுகிறது. அந்த இரைச்சலில் தேநீர்க் கோப்பை நடுங்குகிறது. வானொலியில் விமானியின் குரல் கரகரக்கிறது. “பாதை முனையில குன்று தெரியுதா? தெரிஞ்சாத்தான் இறங்குவேன்.” ஜன்னலில், குன்று இருக்கவேண்டிய இடத்தில், வெண்மை மட்டும் இருக்கிறது. உலாயுக்கின் விரல் வானொலியின் பேசும் பொத்தான்மேல் நிற்கிறது. கோபாக் குனிந்து அவள் தோளைத் தொடுகிறான். “தெரியுதுன்னு சொல்லுக்கா.”