செம்பருத்தி இருந்த பக்கம்

கிழிந்த படப் புத்தகத்துக்கு நடந்தது அநியாயம். நூலகத்தில் மழலைகளுக்கான வசந்தகாலக் கதை நேரத்துக்கு அது வேண்டாமென்று ஒதுக்கியாயிற்று. ஒதுக்கியது யார் தெரியுமா? கண்ணாடி அலமாரியை விட்டு இறங்கியே அறியாத புதுப் புத்தகம்!

"வசந்தம்னா பூ வேணும். உன் செம்பருத்தி இருந்த இடத்துல ஓட்டைதானே இருக்கு? பேசாம பழைய பேப்பர் கட்டுல போய்ப் படு," என்றது அது.

பிள்ளைகள் உட்காரும் பாய்க்குப் பொறுக்கவில்லை; கிழிந்த புத்தகத்தைப் பார்த்துச் சொன்னது: "அவ பேசுறா, நீ கேட்டுக்கிட்டே இருக்கியே! பதில் சொல்லேன்!"

"என்ன சொல்லும்? எந்தப் பிள்ளை கிழிச்சுதுன்னாவது சொல்லட்டும்," என்று அதட்டியது புதுசு.

கிழிந்த புத்தகம் மெல்லச் சிரித்தது. "யாரும் கிழிக்கல தங்கச்சி. ஒரு குட்டிப் பொண்ணு பறிச்சுத் தலையில வச்சுக்கிட்டா."