டாலரின் உள்பக்கம்

டெல்பினா போனில் "வெள்ளி டாலர் ஒண்ணு விக்கணும் அண்ணாச்சி" என்றபோது, கழுத்தில் தொங்கவிடும் டாலரைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். பழங்காசு வாங்கி விற்கிறவனுக்கு அதில் என்ன வேலை? ஆனால் கடைக்கு வந்து அவள் கைக்குட்டையைப் பிரித்து எடுத்து வைத்தது நிஜமான அமெரிக்க டாலர். அதற்கு ஒரு வளையம் பற்றவைத்துக் கழுத்து டாலராக்கியிருந்தார்கள்.

"கல்யாணத்துல நான் அவருக்குப் போட்டது. வீட்டுக்கு வரும்போதெல்லாம் வெறுங்கழுத்துதான். கேட்டா, கப்பல்ல பெட்டிக்குள்ள காசோட காசாக் கெடக்குன்னுவாரு. அவரு செத்தப்புறம் சாமானோட அனுப்பி வச்சாங்க. பல்பொடி போட்டுத் தேச்சுக் கொண்டாரலாம்னு எடுத்தேன், மனசு வரல."

நல்லவேளை. தேய்த்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மினுக்காகியிருக்கும். லென்சை வைத்தேன். கழுகு இருந்த பக்கத்தில் இறகுகளை எண்ணலாம். பெண்முகம் இருந்த பக்கம் மட்டும், கன்னமும் கூந்தலும் ஒன்றாகி, குளித்துக் கரைந்த சோப்பைப் போல வழவழத்தது. வேறு காசு மோதிய வடு ஒன்றுகூட இல்லை. கயிறு உரசி உரசி வளையத்தின் உட்புறம் நூலாக மெலிந்திருந்தது. இவ்வளவு அழகான தேய்மானத்தை நான் பார்த்ததே இல்லை.

"இது பெட்டியில கெடந்த காசு இல்லம்மா. நெஞ்சுல கெடந்தது."

அவள் லென்சை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"பொய்யாச் சொல்லியிருக்காரு மனுசன்."

பிறகு தன் சங்கிலியைக் கழற்றி, சிலுவைக்குப் பக்கத்தில் அதைக் கோத்தாள். போட்டுக்கொள்ளும்போது ஒருமுறை திருப்பிப் பார்த்து, வழவழத்த முகம் உள்ளே இருக்கும்படி விட்டுக்கொண்டாள்.